ஓடாத குதிரைக்கு ஒரு கோடி டாலர்

1983 ஜூலை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லெக்சிங்டன் நகரிலுள்ள கீன்லேண்ட் ஏல அரங்கில் ஒரு குட்டியின் விலை ஏறிக்கொண்டே போனது. அரங்கின் விலைப் பலகையில் ஏழு இலக்கங்களுக்குத்தான் இடம் இருந்தது. கேட்பு ஒரு கோடி டாலரைத் தாண்டியதும் முதல் இலக்கம் காணாமல் போய், பலகை ஏதோ இரண்டு லட்சத்துக்கு வியாபாரம் நடப்பதுபோலக் காட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் சுத்தியல் விழுந்தது 1 கோடியே 2 லட்சம் டாலரில். வாங்கியவர் துபாயின் ஷேக் முகமது. பின்னால் அந்தக் குட்டிக்கு ஸ்னாஃபி டான்சர் என்று பெயர் வைத்தார்கள். அது ஒரு பந்தயத்தில்கூட ஓடவில்லை; வேகம் போதாது என்று பயிற்சியிலேயே தெரிந்துவிட்டது. சரி, இனப்பெருக்கத்துக்காவது ஆகட்டும் என்று பண்ணைக்கு அனுப்பினால் அங்கேயும் கைகொடுக்கவில்லை. அதற்குப் பிறந்தவை மொத்தமே நாலு குட்டிகள்.

அந்தக் குட்டியின் அப்பா நார்தர்ன் டான்சரின் கதையையும் கேளுங்கள். 1962-ல் ஒரு வயதுக் குட்டியாக இருந்தபோது, கனடாவில் இ. பி. டெய்லர் என்பவரின் விண்ட்ஃபீல்ட்ஸ் பண்ணையில் அதற்கு 25,000 டாலர் விலை குறித்து வைத்திருந்தார்கள். வந்தவர்கள் பார்த்தார்கள், நகர்ந்துவிட்டார்கள். மே மாதக் கடைசியில் பிறந்த குட்டி, உருவமும் சிறியது. வேறு வழியில்லாமல் டெய்லரே வைத்துக்கொண்டார். 1964-ல் அது அமெரிக்காவின் பெரும் பந்தயமான கென்டக்கி டெர்பியை இரண்டே நிமிடத்தில் ஓடி வென்றது. அன்றைக்கு அது சாதனை நேரம். அதன்பின் இருபதாம் நூற்றாண்டின் மிகச் செல்வாக்கான பொலிகுதிரைகளில், அதாவது இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் ஆண் குதிரைகளில், ஒன்றாகிவிட்டது.

ஓடக்கூடியதை 25,000-க்கு வேண்டாம் என்றவர்களும் ஓட முடியாததை ஒரு கோடிக்கு வாங்கியவர்களும் ஒரே சந்தைக்காரர்கள்தான். யாரும் விவரம் தெரியாதவர்கள் இல்லை. தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனத்தின் வியாபாரத்தில் குதிரை ஓடிக் காட்டும் வரை அதைப் பற்றி உறுதியாகத் தெரிவது மிகக் குறைவு. ஆனால் வியாபாரத்தில் பெரும்பகுதி அதற்குள் முடிந்துவிடுகிறது. ஓட்டக்களம் தீர்ப்புச் சொல்வதற்கு முன் குதிரையை எத்தனை கை மாற்றலாமோ அத்தனை கை மாற்றும்படியாகத்தான் இந்தச் சந்தையின் நாள்காட்டியே அமைந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

விலையின் வேர்

முதலில் ஒரு விதி. தரோபிரெட் என்று பதிவாக வேண்டுமானால் அப்பா, அம்மா இரண்டும் பதிவுபெற்ற தரோபிரெட்களாக இருக்க வேண்டும். 1790-களில் இங்கிலாந்தில் வெளிவரத் தொடங்கிய வம்சப் பதிவேட்டின் வாரிசுகள்தான் இன்றைய தேசியப் பதிவேடுகள் எல்லாம். இது எல்லாரும் அறிந்தது. விலையைத் தீர்மானிப்பது இதற்கு அடுத்த விதி: செயற்கைக் கருவூட்டல் கூடாது. ஆணும் பெண்ணும் நேரில் இணைசேர்ந்து பிறந்த குட்டியைத்தான் பதிவு செய்வார்கள். கறவை மாடுகளில் ஒரே காளையின் விந்தைக் குழாய்களில் அடைத்து உலகெங்கும் அனுப்புகிறார்கள் அல்லவா, இங்கே அது நடக்காது. பொலிகுதிரை இருக்கும் இடத்துக்குப் பெண் குதிரை லாரியில் வந்தாக வேண்டும், சில சமயம் விமானத்தில். ஒரு பருவத்தில் ஒரு பொலிகுதிரையால் நூறு, நூற்றைம்பது, கொஞ்சம் மீறிப் போனால் இருநூறு பெண் குதிரைகளைச் சேர முடியும். சரக்கு அவ்வளவுதான், அதனால் கட்டணம் ஏறுகிறது.

அமெரிக்காவில் ஸ்டார்ம் கேட் என்ற பொலிகுதிரைக்கு உச்சக் காலத்தில் ஒரு சேர்க்கைக்கு 5 லட்சம் டாலர் வாங்கினார்கள். பதினான்கு பந்தயம் ஓடிப் பதினான்கையும் வென்ற ஃப்ராங்கலுக்கு இங்கிலாந்தில் கட்டணம் மூன்றரை லட்சம் பவுண்ட் வரை போனது. பேச்சுக்கு நூறு பெண் குதிரைகள் என்று வைத்தாலும் ஒரே பருவத்தில் மூன்றரைக் கோடி பவுண்ட். எந்தப் பந்தயப் பரிசும் இதன் பக்கத்தில் வராது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் குட்டி உயிரோடு பிறந்து, எழுந்து நின்று, பால் குடித்தால்தான் கட்டணம் என்று ஒரு நிபந்தனை இருக்கும். அந்த அபாயத்தை மட்டும் பொலிகுதிரைக்காரர் ஏற்கிறார். மற்றதெல்லாம் பெண் குதிரை வைத்திருப்பவர் தலையில்.

இப்போது அந்த ஒரு கோடி டாலர் கேட்பு அவ்வளவு பைத்தியக்காரத்தனமாகத் தெரியாது. ஆண் குட்டி வாங்குகிறவர் பரிசுப் பணத்துக்காக மட்டும் வாங்குவதில்லை. பெரிய பந்தயம் ஒன்றிரண்டை வென்று பொலிகுதிரையாகும் வாய்ப்பையும் சேர்த்து வாங்குகிறார். இதைத் திட்டமாகவே வைத்துத் தொழில் செய்தவர்கள் ராபர்ட் சாங்ஸ்டர், பயிற்சியாளர் வின்சென்ட் ஓ'பிரையன், ஜான் மேக்னியர் மூவரும். 1975-ல் கீன்லேண்டுக்குப் போய் நார்தர்ன் டான்சர் வம்சக் குட்டிகளை அள்ளினார்கள். அதில் 2 லட்சம் டாலருக்கு வாங்கிய தி மின்ஸ்ட்ரல் 1977-ல் இங்கிலாந்து டெர்பியையும் அயர்லாந்து டெர்பியையும் வென்றது. அதன் மதிப்பு 90 லட்சம் டாலருக்கு உயர்ந்தது. அயர்லாந்தில் பொலிக் கட்டண வருமானத்துக்கு 1969 முதல் 2008 வரை வரி கிடையாது என்பது இந்தத் திட்டத்துக்கு நல்ல உரம். இவர்களோடு அரபு ஷேக்குகள் போட்டிக்கு வந்த பிறகுதான் எண்பதுகளின் அந்த விலையெல்லாம். 1985-ல் சியாட்டில் டான்சர் என்ற குட்டிக்கு 1 கோடியே 31 லட்சம் டாலர் கொடுத்தார்கள். ஒரு வயதுக் குட்டிகளில் அந்தச் சாதனை நெடுங்காலம் அசையவில்லை. அது இரண்டு பந்தயம் வென்றது. பரிசாகச் சம்பாதித்தது சுமார் ஒன்றரை லட்சம்.

நன்றாக ஓடிய குதிரைக்கும் பண்ணையில் உத்தரவாதம் கிடையாது. ஃபூசைச்சி பெகாசஸ் 1998-ல் 40 லட்சம் டாலருக்கு வாங்கப்பட்டு, 2000-ல் கென்டக்கி டெர்பியை வென்றது. அதைப் பொலிகுதிரையாக வாங்க கூல்மோர் என்ற குதிரைப் பண்ணை நிறுவனம் கொடுத்த தொகை 6 கோடி டாலருக்கும் மேல் என்று அன்றைய செய்திகள் சொல்லின. தொடக்கக் கட்டணம் 1,50,000 டாலர். குட்டிகள் அப்பனைப்போல் ஓடவில்லை. கடைசியில் கட்டணம் 7,500-க்கு இறங்கியது.

ஒரு பக்கத்து ஜாதகம்

ஏலத்தில் குட்டிகளை ஒரு வயதில் விற்பதுதான் பெருவழக்கு. உலகின் மிகப் பெரிய ஒரு வயதுக் குட்டி ஏலமான கீன்லேண்ட் செப்டம்பர் ஏலத்தில் 2022-ல் மட்டும் 40 கோடி டாலருக்கு மேல் விற்பனை. இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் டாட்டர்சால்ஸ், அயர்லாந்தில் காஃப்ஸ், பிரான்ஸில் அர்கானா, ஆஸ்திரேலியாவில் இங்கிலிஸ், மேஜிக் மில்லியன்ஸ் என்று ஆளுக்கொரு பெரிய கடை. டாட்டர்சால்ஸ் 1766-ல் தொடங்கியது. இன்றும் கினியில்தான் விலை கேட்கிறார்கள். கினி நாணயம் புழக்கத்திலிருந்து போய் இருநூறு வருடம் ஆகிவிட்டது. ஒரு கினி என்றால் 1 பவுண்ட் 5 பென்ஸ். பவுண்ட் விற்றவருக்கு, மேலே உள்ள ஐந்து பென்ஸ் ஏலக்காரருக்குக் கமிஷன் என்பது பழைய கணக்கு.

எந்த ஏலமானாலும் ஒரு குட்டிக்குக் கேட்லாக்கில் ஒரே ஒரு பக்கம்தான். மேலே மூன்று தலைமுறை வம்சம். அப்பாவைப் பற்றி ஒரு சின்னப் பத்தி. அப்புறம் பக்கம் முழுக்க அம்மாவின் வழி: அம்மா என்ன ஓடினாள், அவளுக்கு எத்தனை குட்டிகள், அவை என்ன செய்தன, பிறகு பாட்டி, இடம் இருந்தால் கொள்ளுப்பாட்டி. பெரிய பந்தயம் வென்ற குதிரையின் பெயரைத் தடித்த பெரிய எழுத்தில் போடுவார்கள். அந்தப் பந்தயத்தில் இரண்டாவதோ மூன்றாவதோ வந்ததை தடித்த சிறிய எழுத்தில். தொழிலில் இதற்குப் பெயரே பிளாக் டைப். எந்தப் பந்தயத்துக்கு அந்தத் தகுதி உண்டு என்பதை ஏலக்காரர்கள் இஷ்டத்துக்கு முடிவு செய்ய முடியாது. சர்வதேச அளவில் வகுத்த கேட்லாக் விதிகள் இருக்கின்றன.

ஏன் அம்மா வழிக்கு இத்தனை இடம்? ஒரு பொலிகுதிரைக்கு வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் குட்டிகள். அந்தப் பெயரை மட்டும் வைத்து ஒரு குட்டியை இன்னொன்றிலிருந்து பிரிக்க முடியாது. அம்மாவுக்கு வருடத்துக்கு ஒன்றுதான். அதனால்தான் இந்த உலகத்தில் ஒரே அம்மாவுக்குப் பிறந்தவற்றை மட்டுமே சகோதரர் என்பார்கள். அப்பா ஒன்று என்பது உறவாகவே கணக்கில் வராது.

பழகியவர்கள் பக்கத்தில் இல்லாததைத்தான் முதலில் தேடுவார்கள். அம்மாவுக்கு வயது பதினாறு, குட்டிகள் ஒன்பது, தடித்த எழுத்து ஒன்றுகூட இல்லை என்றால் அதுவே பதில். தடித்த எழுத்தெல்லாம் பாட்டிக்குக் கீழே மட்டும் கூடிக்கிடந்தால், குடும்பத்தின் நல்ல காலம் முடிந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது என்று பொருள். நடுவில் இரண்டு வருடம் குட்டியே இல்லை என்றால் அம்மாவுக்குச் சினை பிடிப்பதில் ஏதாவது தகராறு இருக்கலாம். கேட்லாக் பொய் சொல்லாது. சாதகமானதை மேலே வைத்து, மற்றதைச் சொல்லாமல் விடும், அவ்வளவுதான். ஆனால் அச்சாகிப் போன பிறகும் பக்கம் மாறும். ஏலத்துக்கு இரண்டு வாரம் முன்பு அண்ணன் ஒரு பெரிய பந்தயத்தை வென்றுவிட்டால் தம்பியின் விலை பல மடங்கு ஏறும். தம்பியின் காலோ நுரையீரலோ இரண்டு வாரத்தில் மாறிவிடவில்லை.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் சுவையாகப் படுவது புதுப் பொலிகுதிரைகளின் கணக்கு. முதல் வருடம் இணைசேர்க்கிறது. இரண்டாம் வருடம் குட்டிகள் பிறக்கின்றன. மூன்றாம் வருடம் அவை ஏலத்துக்கு வருகின்றன. ஓட ஆரம்பிப்பது நாலாம் வருடம்தான். ஆக முதல் வருடமே போய்ச் சேர்த்தவர், அந்தக் குதிரையின் வாரிசுகள் எப்படி ஓடும் என்று உலகத்துக்குத் தெரிவதற்கு முன்பே தன் குட்டியை விற்றுக் காசாக்கிவிடலாம். மூன்றாம் வருடம் சேர்த்தவரின் குட்டி ஐந்தாம் வருடம் ஏலத்துக்கு வரும்போது முடிவு தெரிந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். அதனால் விற்பனைக்காகவே வளர்ப்பவர்கள் புதுக் குதிரையிடம் முதல் வருடம் வரிசையில் நிற்பார்கள், மூன்றாம் வருடம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். கட்டணத்தையும் வருடாவருடம் குறைத்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டியிருக்கும். குதிரை நல்லதா கெட்டதா என்பது இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா?

பிறந்த தேதியும் விலைதான். வட அரைக்கோளத்தில் எல்லாத் தரோபிரெட்களுக்கும் ஜனவரி 1-ல் வயது ஏறும்; ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் ஆகஸ்ட் 1. சினைக்காலம் சுமார் பதினோரு மாதம். ஜனவரிக் குட்டியும் மே மாதக் குட்டியும் ஏலத்தில் ஒரே வயதுக்காரர்களாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது, நாலு மாத வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும். இதற்காகவே குளிர்காலத்தில் பெண் குதிரைகளின் லாயத்தில் இரவிலும் விளக்குப் போட்டு, ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் காட்டுவார்கள். வசந்தம் வந்துவிட்டது என்று நம்பி அவை சீக்கிரமே பருவத்துக்கு வந்துவிடும். நார்தர்ன் டான்சர் மே 27-ல் பிறந்ததற்குக் கொடுத்த தண்டம்தான் அந்த விற்காத 25,000.

லாயத்து முற்றத்தில்

ஏலத்துக்குச் சில நாள் முன்பே குட்டிகளைக் கொண்டுவந்து லாயங்களில் கட்டிவிடுவார்கள். வாங்க வருகிறவர்கள் கேட்லாக்கில் குறித்துவைத்த எண்ணைச் சொன்னால், குதிரைக்காரர் குட்டியை வெளியே கொண்டுவந்து நிறுத்துவார். அமெரிக்காவில் குட்டியின் பின்புறத்தில் ஏல எண்ணை ஒட்டியிருப்பார்கள். முதலில் பக்கவாட்டில் நிற்க வைத்து ஒரு பார்வை. அப்புறம் நேராகப் போகச் சொல்வார்கள், திரும்பி வரச் சொல்வார்கள். பார்க்கிறவர் நடைபாதைக்கு நேரெதிரே நின்றுகொள்வார். முன்னங்கால் நேராக வருகிறதா, உள்ளே வெளியே வீசுகிறதா. முட்டிக்கு மேலே உள்ள எலும்பும் கீழே உள்ள எலும்பும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா. பக்கத்திலிருந்து பார்த்தால் முட்டி பின்னால் வளைந்திருக்கிறதா. பின் குளம்பு முன் குளம்பின் தடத்தைத் தாண்டி விழுகிறதா. இதற்கெல்லாம் ஒரு நிமிடம்கூட ஆகாது. அடுத்த எண்.

நேரான கால் மட்டும் வேகம் தராது. கோணல் காலோடு உலகை வென்ற குதிரைகளும் உண்டு. அரை டன் எடை ஓட்டத்தில் ஒரே காலில் இறங்கும்போது கோணல் கால் தாங்காமல் போகும் வாய்ப்பு கூடுதல் என்பதுதான் கவலை. சிறு வயதிலேயே திருகாணி போட்டு வளர்ச்சியைத் திருத்திக் காலை நேராக்கும் அறுவை சிகிச்சையும் இருக்கிறது. அந்தக் கால் வாங்குகிறவர் கண்ணுக்கு நேராகத் தெரியும். அடுத்த தலைமுறைக்குப் போவது பழைய கால்.

பிடித்துப்போன குட்டிகளுக்கு அடுத்த கட்டம் மருத்துவர். விற்பவர்கள் எக்ஸ்ரே படங்களை ஏல வளாகத்திலுள்ள பொதுக் காப்பகத்தில் வைத்துவிடுவார்கள்; வாங்குகிறவரின் கால்நடை மருத்துவர் அங்கே போய்ப் பார்ப்பார். மூட்டுகளில் குருத்தெலும்பு சரியாக இறுகாத இடங்கள், கணுக்காலுக்குப் பின்னாலுள்ள சின்ன எலும்புகளின் நிலை எல்லாம் தெரியும். அப்புறம் மூக்கு வழியாகக் கேமராக் குழாயை விட்டுத் தொண்டையைப் பார்ப்பார்கள். குரல்வளையின் இடப்பக்கம் செயலிழந்து மூச்சுப் பாதை முழுதாகத் திறக்காத குதிரை, ஓடும்போது உறுமல்போலச் சத்தம் போடும், காற்றுப் போதாமல் தளரும். சில குறைகளை விற்பவர் அறிவித்தே ஆக வேண்டும். மரத்தைக் கடித்துக் காற்றை விழுங்கும் பழக்கம், பார்வைக் குறை, விதைப்பைக்குள் இறங்காத விந்தகம் போன்றவை அந்தப் பட்டியலில் வரும். சொல்லாமல் விற்றால் குறித்த கெடுவுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பட்டியலில் இல்லாததெல்லாம் வாங்கியவர் பொறுப்பு.

ஏல வளையத்தில் நடப்பது சில நிமிடக் கூத்து. விற்பவர் ஒரு குறைந்தபட்ச விலையை ரகசியமாகக் குறித்துக் கொடுத்திருப்பார். கேட்பு அதை எட்டாவிட்டால் குதிரை விற்காமல் வீட்டுக்குத் திரும்பும். அது வரைக்கும் ஏலக்காரர் விற்பவர் சார்பில் விலையை ஏற்றிக்கொண்டு போகலாம், விதியே அனுமதிக்கிறது. அதனால் பாதி ஏலம் வரை நீங்கள் போட்டி போடுவது இன்னொரு ஆளோடா, தூணோடா என்று தெரியாது. சுத்தியல் விழுந்த நொடியில் குதிரை உங்களுடையது, அதற்கு என்ன நேர்ந்தாலும் உங்களுக்கே. வளையத்திலிருந்து லாயத்துக்கு நடக்கிற வழியில் கால் இடறினாலும் சரி. காப்பீட்டுக்காரர்கள் ஏல வளாகத்திலேயே காத்திருப்பது சும்மா இல்லை.

விற்காமல் திரும்புவது அவமானமும் இல்லை. சண்டே சைலன்ஸ் கீன்லேண்டில் 17,000 டாலரோடு நின்றுபோய், சொந்தக்காரர் பக்கமே திரும்பியது. 1989-ல் கென்டக்கி டெர்பியை வென்றது. அப்போதும் அமெரிக்கப் பண்ணைக்காரர்களுக்கு அதன் வம்சத்தின் மேல் நம்பிக்கை வரவில்லை. ஜப்பானைச் சேர்ந்த சென்யா யோஷிதா வாங்கிக்கொண்டு போனார். அங்கே தொடர்ந்து பதின்மூன்று வருடம் முதலிடப் பொலிகுதிரையாக இருந்து ஒரு நாட்டின் குதிரை இனத்தையே மாற்றியது.

பத்து விநாடிக் கண்காட்சி

பால் மறந்த குட்டியை வாங்கி ஒரு வயதில் விற்பவர்கள் உண்டு. ஒரு வயதில் வாங்கி, பழக்கி, இரண்டு வயதில் விற்பவர்களும் உண்டு. பின்ஹூக்கர் என்று சொல்லப்படும் இவர்களுக்குக் குதிரை ஓடி ஜெயிக்க வேண்டிய அவசியம் இல்லை. தாங்கள் விற்கும் நாளில் நன்றாகத் தெரிந்தால் போதும். இரண்டு வயதுக் குதிரைகளை விற்கும் ஏலத்துக்கு முன்னால் ஒரு ஃபர்லாங், அதாவது சுமார் 200 மீட்டர், முழு வேகத்தில் ஓடவிட்டுக் காட்டுவார்கள். பத்து விநாடிக்குக் கொஞ்சம் முன்பின். அதில் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்குக்கு என்ன விலை என்று கேட்டால் தலை சுற்றும்.

2006 பிப்ரவரியில் ஃப்ளோரிடாவில் ஃபேசிக்-டிப்டன் நடத்திய ஏலத்தில் ஒரு குதிரை இந்தத் தூரத்தை 9.8 விநாடியில் கடந்தது. கூல்மோர் தரப்பும் ஷேக் முகமது தரப்பும் விடாமல் மோதிக்கொண்டதில் விலை 1 கோடியே 60 லட்சம் டாலருக்குப் போனது. ஏலத்தில் விற்ற தரோபிரெட் எதற்கும் அதுவரை அப்படி ஒரு விலை கிடைத்ததில்லை. தி கிரீன் மங்கி என்று பெயர் வைத்தார்கள். மூன்றே முறை ஓடியது, ஒன்றிலும் வெல்லவில்லை. மொத்தப் பரிசுப் பணம் 10,440 டாலர். இருநூறு மீட்டர் வேகம் என்பது பந்தயத்தில் ஒரு துணுக்குதான். குறைந்த பந்தயமே ஆயிரம் மீட்டர் வாக்கில் ஆரம்பிக்கிறது. அதற்கு மூச்சு வேண்டும், நிதானம் வேண்டும், மற்ற குதிரைகள் நெருக்கும்போது பின்வாங்காத மனசு வேண்டும். அதையெல்லாம் தனியாக ஓடவிட்டுப் பார்க்க முடியாது. இத்தனையும் தெரிந்த இரண்டு தரப்புகள்தான் அந்த விலையை ஏற்றின. இரண்டு பேரிடமும் பணம் தீராது என்னும்போது விலை குதிரையைப் பற்றி அதிகம் சொல்வதில்லை.

மலிவாகப் போன நல்ல குதிரைகள் பட்டியல் இதைவிட நீளம். தோல்வியே காணாமல் 1977-ல் அமெரிக்காவின் மும்முடி எனப்படும் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற சியாட்டில் ஸ்லூ 17,500 டாலர். இருபது பந்தயத்தில் பத்தொன்பதை வென்ற செனியாட்டா 60,000. ஏலத்துக்கு வந்தபோது அதற்குத் தோல் நோய் இருந்தது. 1930-ல் மெல்போர்ன் கோப்பை வென்ற ஃபார் லாப் நியூஸிலாந்து ஏலத்தில் 160 கினி. இப்படிப்பட்ட கதைகளைத்தான் விற்பனைக்காரர்கள் புது ஆட்களிடம் சொல்வார்கள். அதே ஏலங்களில் அதே விலைக்குப் போய், பெயர்கூடத் தெரியாமல் மறைந்த ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பற்றிச் சொல்ல அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

தரகர் கதை

புதிதாக வருகிறவர் தரகர் இல்லாமல் வாங்குவது அபூர்வம். விலையில் 5 சதவீதம் என்பது வழக்கமான தரகு. விலை ஏறினால் தரகும் ஏறும் என்பது முதல் கோணல். அதே தரகர் விற்பவரிடமும் வாங்கிக்கொள்வது இரண்டாவது. மூன்றாவது இன்னும் மோசம்: ஒரு லட்சத்துக்குக் கிடைக்கும் குதிரையை ஒன்றரை லட்சத்துக்கு வாங்கவைத்து, இடையில் உள்ளதை விற்பவரோடு பங்கு போட்டுக்கொள்வது. ஏலத்தில்கூட இது நடக்கும். முன்பே பேசி வைத்துக்கொண்டு கேட்பை ஏற்றினால் போதும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் விற்றவர், வாங்கியவர் கையில் அதிர்ஷ்டக் காசு என்று கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அந்தக் காசு குதிரைக்குச் சொந்தக்காரரிடம் போகிறதா, தரகர் பையில் நிற்கிறதா என்பதில் தகராறுகள் வந்திருக்கின்றன. கென்டக்கியில் 2006-ல் சட்டமே போட்டார்கள்: இரண்டு பக்கத்துக்கும் ஒருவரே தரகராக இருந்தால் இருவருக்கும் தெரிந்து, எழுத்தில் சம்மதம் இருக்க வேண்டும். முதல் முறை வாங்குகிறவர் தரகருக்குச் சதவீதமாகக் கொடுக்காமல் குறித்த தொகையாகப் பேசிக்கொள்வது நல்லது. எக்ஸ்ரே பார்க்கும் மருத்துவரையும் தரகர் கைகாட்டாமல் தானே அமர்த்த வேண்டும்.

ஓடியபின் விலை

ஓட ஆரம்பித்த குதிரைக்குச் சந்தை வேறு மாதிரி. அமெரிக்காவில் நடக்கும் பந்தயங்களில் கணிசமானவை கிளெய்மிங் வகை. அதில் ஓடும் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு விலை குறிக்கப்பட்டிருக்கும். வேண்டுகிறவர் பந்தயத்துக்கு முன்பே சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். ஒரே குதிரைக்கு நாலு சீட்டு விழுந்தால் குலுக்கல். பரிசு கிடைத்தால் பழைய சொந்தக்காரருக்கு, குதிரை புதியவருக்கு. மருத்துவப் பரிசோதனை கிடையாது, பேரம் கிடையாது. குதிரை களத்திலேயே விழுந்து செத்தாலும் புதியவர் தலையில் என்ற பழைய கொடுமையை இப்போது பல இடங்களில் திருத்தியிருக்கிறார்கள். நல்ல குதிரையைக் குறைந்த விலைப் பந்தயத்தில் இறக்கினால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், மட்டமானதை உயர்ந்த விலையில் இறக்கினால் தோற்கும். குதிரைகளைச் சமமாகப் பிரிக்க இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. 2021 செப்டம்பரில் இப்படி 30,000 டாலருக்குச் சீட்டுப் போட்டு எடுத்த ரிச் ஸ்ட்ரைக் அடுத்த மே மாதம் கென்டக்கி டெர்பியை வென்றது. பந்தயக்காரர்கள் அதற்கு வைத்திருந்த விகிதம் ஒன்றுக்கு எண்பது.

பெண் குதிரை ஓடாவிட்டாலும் விலை போகும். குடும்பம் நல்லதாக இருந்தால் போதும். தொடர்ந்து 33 பந்தயம் வென்ற ஆஸ்திரேலியாவின் வின்க்ஸ் ஈன்ற பெண் குட்டி, 2024-ல் சிட்னி ஏலத்தில் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலருக்குப் போனது. வாங்கியவர் வேறு யாருமில்லை, வின்க்ஸின் பங்குதாரர்களில் ஒருவரான டெபி கெபிட்டிஸ். தன் குதிரையையே தான் வாங்குவதா என்று சிரிக்க வேண்டாம். மூன்று பங்காளிகள் ஒரு குட்டியைப் பிரிக்க வேண்டுமானால் பொது ஏலத்தைப்போல யாரும் குறை சொல்ல முடியாத விலை வேறெங்கும் கிடைக்காது. வாங்கியவரின் சொந்தப் பங்கு அவருக்கே திரும்பி வந்துவிடும் என்பதால் கையிலிருந்து உண்மையில் போவது பலகையில் தெரிந்ததைவிடக் குறைவு.

இரத்தத்துக்கு விலை எவ்வளவு, ஓட்டத்துக்கு விலை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டுமானால் காயடித்த குதிரைகளைப் பார்க்க வேண்டும். அதற்குப் பண்ணை மதிப்பு பூஜ்யம். ஓடிச் சம்பாதிப்பதுதான் எல்லாம். ஹாங்காங்கில் குதிரை இனப்பெருக்கமே கிடையாது, ஓடும் குதிரைகள் அநேகமாக எல்லாமே காயடித்தவை. ரொமான்டிக் வாரியரை அங்குள்ள ஜாக்கி கிளப் டாட்டர்சால்ஸில் 3 லட்சம் கினிக்கு வாங்கி, 2021-ல் உள்ளூர் ஏலத்தில் 48 லட்சம் ஹாங்காங் டாலருக்கு விற்றது. அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் ஆறு லட்சம் அமெரிக்க டாலர். உலகிலேயே மிக அதிகப் பரிசுப் பணம் வென்ற குதிரைகளில் அது ஒன்றாக வளர்ந்துவிட்டது. இதே சாதனை காயடிக்காத ஒரு குதிரையிடம் இருந்திருந்தால் பொலிக் கட்டணம் பேச இந்நேரம் வாசலில் கூட்டம் நின்றிருக்கும்.

சாதனை எதுவும் இல்லாத காயடித்த குதிரைகள்தான் எண்ணிக்கையில் அதிகம். ஐந்தாறு வயதில் களத்தை விட்டு வெளியே வரும்போது அவற்றுக்கு இன்னும் இருபது வருட ஆயுள் இருக்கலாம்; வாங்க ஆள் இருக்காது. அமெரிக்காவில் கடைசிக் குதிரை இறைச்சிக்கூடங்கள் 2007-ல் மூடப்பட்டன, ஆனால் எல்லை தாண்டி ஏற்றிப்போவது அதோடு நிற்கவில்லை. 2012-ல் ஏலக் கம்பெனிகளும் பண்ணைக்காரர்களும் சேர்ந்து ஓய்வுக் குதிரைகளைப் பராமரிக்கும் இல்லங்களுக்கு நிதி தர ஒரு பொது அமைப்பை உருவாக்கினார்கள். குட்டியைப் பதிவு செய்யும்போதும் ஏலத்தில் விற்கும்போதும் ஒரு சிறு தொகை அதற்குப் போகிறது. அந்த இல்லங்களில் சவாரிக்குப் பழக்கிக் கொடுக்கும் குதிரையைப் பெரும்பாலும் ஒரு மாதப் பயிற்சிச் செலவைவிடக் குறைந்த விலைக்கு வாங்கிவிடலாம். அங்கே யாரும் கேட்லாக் பக்கத்தைக் கேட்பதில்லை. கால் நோகிறதா, குழந்தையை ஏற்றலாமா என்று கேட்கிறார்கள்.